நாற்பத்தோரு அடி அப்பா

"பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று போன வாரம் பொன்னுத்தங்கம் கேட்டது, ஒரு வாரத்தைக் கடத்துவதற்காக. அதை நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொள்ள உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அந்த ஒருவர்தான் அவளுக்குப் புருஷனாக வாய்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே கனகசபாபதி குவாலிஸ் காரைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டார். கழுவியது டிரைவர் சின்னச்சாமி. நிறுத்தியதும் சின்னச்சாமி. ஆனால் அந்த வீட்டில் நடக்கிற எல்லா வேலையையும் கனகசபாபதிதான் செய்கிறார் என்பது வெகுநாளைய ஏற்பாடு.

"ஒரே நாள். ரோட்டோரத்துல யார் யாரு என்னென்ன கட்டி நிறுத்தியிருக்காகன்னு பாத்துட்டு வந்துருவோம். பாத்தா ஒனக்கே ஆசை வந்துரும்" என்றார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பத்திரம், பத்திரத்தோடு செருகிய பேனா. ஆசை எந்த இடத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

திருத்தங்கலைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் இருக்கும் அறுபது சென்ட், பொன்னுத்தங்கத்தின் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்தது. அதில் தன் தகப்பனார் நல்லசிவத்துக்கு நூற்றாண்டுச் சிலை வைக்க வேண்டும் என்பது கனகசபாபதியின் தீர்மானம். நல்லசிவம் தீப்பெட்டியில் ஆரம்பித்து மத்தாப்புக்கு வந்தவர். உயரம் நாற்பத்தோரு அடி. ஏன் நாற்பத்தொன்று என்றால், விருதுநகரில் சம்பந்தி தன் தகப்பனாருக்கு வைத்தது நாற்பது. நாளை திங்கட்கிழமை, ராகு காலம் கழித்து ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள், நிலத்தை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதே நிலத்தில் பொன்னுத்தங்கமும் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள், மனதுக்குள். ரெண்டு ரூம், ஒரு அடுப்படி, உள்பக்கமாகத் தாழ்ப்பாள். காபி கேட்டு யாரும் வராத வீடு. முப்பத்தெட்டு வருஷமாக ஏஜெண்டுகளுக்கும், லாரிக்காரர்களுக்கும், வாழ்த்த வருகிறவர்களுக்கும் அடுப்பில் பாலை வைத்து இறக்கியவள். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் வரைந்திருந்த பிளானை மருமகள் ஸ்ரீமதி மட்டும்தான் பார்த்திருக்கிறாள். மகன் ஸ்ரீராம்குமார் ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருப்பதால், மாமியாருக்குத் துணை என்று அவளும் வண்டியில் ஏறினாள்.

"அத்தே, முட்டி வலிக்குன்னு சொல்லி நின்னுருக்கலாம்லா?"

"முட்டிவலி நாளைக்கும் இருக்கும் தாயி. இவுகள இன்னைக்கே முடிச்சுருவோம்."

*

விருதுநகரைத் தாண்டி, காரியாபட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடி வீட்டின் உச்சியில் விமானம் நின்றது. சிமெண்டு விமானம். சிங்கப்பூரில் சம்பாதித்தவர் ஊர் திரும்பிக் கட்டியது. வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி. இடது இறக்கையில் யாரோ கூழ்வடகம் காயப்போட்டிருந்தார்கள்.

"எப்பேர்ப்பட்ட கற்பனை பாத்தியா?" என்றார் கனகசபாபதி.

வீட்டுக்கார அம்மாள் ரெண்டு குடத்தோடு தெருக்குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தாள். காரைப் பார்த்து நின்றாள். வாரத்துக்கு நாலு கார் இப்படி வருமாம்.

"உள்ளுக்குள்ள தண்ணி இருக்காக்கா?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள்.

"எங்கனக்குள்ள? அம்புட்டு ஒசரத்துக்கு மோட்டாரு ஏத்த மாட்டேங்கு. கீழ ஒரு தொட்டி கட்டுங்கன்னு சொன்னேன். கீழ கட்டுனா யாருக்குத் தெரியும்னாக."

பொன்னுத்தங்கம் அவளையே பார்த்தாள். அவளும் பார்த்தாள்.

வண்டி கிளம்பியதும் கனகசபாபதி தகப்பனார் கதையை எடுத்தார். தூரப் பயணம் என்றால் கட்டாயம் உண்டு. தகப்பனாரின் இடது புருவத்தில் ஒரு வெட்டு. கம்பெனித் தீப்பெட்டி லேபிளில் இருக்கும் அவர் படத்தைப் பார்த்தாலே தெரியும். வண்டியில் லோடு ஏற்றிப் போகும்போது கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள், ஒற்றைக் கம்போடு இறங்கினார், அப்போது விழுந்த வெட்டு.

"ஒம்பது பேரு!" என்றார்.

"என் கல்யாணத்துல சொல்லும்போது ஏழு பேரு" என்று ஸ்ரீமதி மெதுவாகச் சொன்னாள்.

"என் கல்யாணத்துல நாலு" என்றாள் பொன்னுத்தங்கம்.

சின்னச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தான். ஐம்பத்து நாலு வயசு. முப்பது வருஷமாக இந்த வீட்டு வண்டிகளை ஓட்டுகிறவன். அவன் கணக்குக்கு எத்தனை பேரோ.

*

திரும்பி வரும் வழியில் சம்பந்தியின் தகப்பனார் சிலை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. விருதுநகர் ஊருக்கு வெளியே, வத்தல் மூடை அடுக்கும் கிட்டங்கிக்கு எதிரில், நாற்பது அடி உயரத்தில் ஸ்ரீமதியின் தாத்தா நின்றார். வலது கையை நீட்டி விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வைத்தபோது அந்த விரல் கிட்டங்கியைக் காட்டியது. "உழைப்பின் திசை" என்று பீடத்தில் பொறித்தும் இருந்தார்கள். பிறகு விரலுக்கு நேரே கட்டணக் கழிப்பிடம் வந்துவிட்டது. இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி அவசரமாக ஓடுகிறவர்கள் யாரையும் வழி கேட்பதில்லை.

கனகசபாபதி இறங்கவில்லை. இறங்கினால் மரியாதை செய்ததாகிவிடும். கண்ணாடியை இறக்கி, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி அளந்தார்.

"நாப்பதுன்னு சொல்லிக்கிடுதாக. பீடத்தையும் சேத்துத்தான் நாப்பது" என்று திருப்தியோடு கண்ணாடியை ஏற்றினார்.

"மாமா, தலைக்கு மேல காக்கா கூடு கட்டியிருக்கு. தாத்தா இருந்த வரைக்கும் ஒரு காக்காயையும் வீட்டுப்பக்கம் சேக்க மாட்டாக" என்றாள் ஸ்ரீமதி.

"நம்ம அப்பாவுக்குத் தலைப்பாகை இருக்கு. வழுக்கும், நிக்காது."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

*

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியது பைபாஸ் ஓரத்துப் பரோட்டாக் கடை. கூரைமேல் பத்தடி அகலத்தில் சிமெண்டுப் பரோட்டா. வெயிலிலும் மழையிலும் கிடந்து வரட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அது சாயாமல் எப்படி நிற்கிறது, உள்ளே எத்தனை கம்பி என்று கேட்கக் கனகசபாபதி கடைக்காரரை வெளியே இழுத்துக்கொண்டு போனார். சின்னச்சாமி பக்கத்து வேப்பமர நிழலில் வண்டியை விட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

மேஜையில் மாமியாரும் மருமகளும். நடுவில் மஞ்சள் பை.

பொன்னுத்தங்கம் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "போட்டுருவோமா தாயி? எனக்கு அலுப்பா இருக்கு. இல்லன்னா ஆயுசு முழுக்க இப்படி ஏத்தி எறக்குவாக."

"ரெண்டு ரூமு?"

"அது என்ன, தாள்ல இருக்கு. இருந்துட்டுப் போகுது."

"மாமாகிட்ட ஒருக்கா வாயத் தொறந்து கேட்டீகளா, வேணும்னு?"

பொன்னுத்தங்கம் தூணைப் பார்த்தாள். தூணில் அவர்கள் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அதில் மீசைக்காரர் மார்க். தலைப்பாகை, முறுக்கு மீசை, இடது புருவத்தில் வெட்டு. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அது ஒங்க மாமாவோட அப்பா இல்ல."

ஸ்ரீமதி பரோட்டாவைப் பிய்த்தது பிய்த்தபடி நின்றது.

"லேபிளுக்குப் படம் வரைய ஆர்ட்டிஸ்ட் வந்தப்ப, பெரியவரு ஒக்கார மாட்டேன்னுட்டாராம். தீப்பெட்டிய ஒரசுவான், தீந்தா தூக்கி எறிவான், நாலு பேரு மிதிப்பான், என் மூஞ்சிய எவன்கிட்டயும் மிதிபடக் குடுக்க மாட்டேன்னாராம். அதுக்காக ஆர்டர விடுவாரா? கோட்டையும் தலைப்பாகையையும் வண்டிக்காரருக்கு மாட்டி ஒக்கார வச்சுட்டாரு. வண்டிக்காரரு பேரு அய்யாதுரை."

"சின்னச்சாமி அண்ணனோட அப்பாவா?"

"அவருதான். பெரியவரு அடுத்த ரெண்டு வருசத்துல போயிட்டாரு. அப்ப ஒங்க மாமாவுக்கு நாலு வயசு. இருந்த ஒத்தக் கல்யாணப் போட்டோவையும் கரையான் தின்னுருச்சு. 'அப்பா எங்கன, அப்பா எங்கன'ன்னு அழுதுருக்காக. எங்க அத்தே தீப்பெட்டியக் காட்டி, இந்தா பாரு அப்பான்னு சொன்னாகளாம். அழுகை நின்னுருச்சு. அப்புறம் அத எப்படி மாத்துறது? சாகப்போற ரெண்டு நாளைக்கு முன்னால அத்தே என்கிட்டச் சொன்னாக."

வெளியே கனகசபாபதி கையை விரித்து உயரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிருங்க அத்தே. சிலையும் வராது, ஒண்ணும் வராது. நெலம் ஒங்களுக்கு."

"நெலம் எனக்கு. அவுகளுக்கு?"

"அவுகளுக்கு என்ன?"

"தெனமும் அந்தப் படத்தக் கும்புட்டுட்டுத்தானே கம்பெனிக்குப் போறாக. அறுவது வயசுல ஒரு மனுசன்கிட்டப் போயி, ஒனக்கு அப்பன் மொகமே கெடையாதுன்னு எப்படித் தாயி சொல்லுவ? ரெண்டு ரூமுக்காகவா?"

ஸ்ரீமதி பரோட்டாவைத் தட்டில் வைத்தாள். அதன்பிறகு ரெண்டு பேரும் சாப்பிடவில்லை.

*

திருத்தங்கலை நெருங்கும்போது மணி மூன்றரை. சிலை செய்கிற எழிலின் ஷெட் ரோட்டை ஒட்டியே இருந்தது. வாசலில் விற்காமல் போன ரெண்டு குதிரை, கை இல்லாத ஒரு தலைவர், மூக்கு மட்டும் வெள்ளையடித்த யானை. எழில் கும்பகோணத்தில் படித்து வந்தவன். சாமி செய்யத்தான் படித்தான். ஆனால் சாமிகள் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

நடு ஷெட்டில் தலை இருந்தது. தலை மட்டுமே ஆறடி. கன்னம், மீசை, தலைப்பாகை எல்லாம் முடிந்துவிட்டன. மூக்கு மட்டும் உரு வராத முண்டாக நின்றது.

கனகசபாபதி செருப்பைக் கழற்றினார். கை தானாகக் கூப்பியது. அந்த ஒரு நிமிஷம் அவர் முதலாளியாக இல்லை. பத்திரத்தை நீட்டச் சொல்லித் தானே கேட்டுவிடுவோமோ என்று பொன்னுத்தங்கத்துக்குத் தோன்றியது.

"மூக்கு என்னாச்சு தம்பி?"

"லேபிள்ல நேர் மொகம் மட்டும்தான சார் இருக்கு. பக்கவாட்டுல எப்படின்னு தெரியல."

"என் மூக்க வச்சுப் பண்ணுங்கன்னு சொன்னேன்லா? அப்பா மூக்குதான் எனக்கு."

எழில் தலையைச் சொறிந்தான். "வச்சுப் பாத்தேன் சார். மூணு தடவ வச்சு உடைச்சுட்டேன். ஒங்க மூக்கு அந்தக் கன்னத்துல ஒக்கார மாட்டேங்குது."

"என்ன தம்பி ஒக்காராது? நான் அவருக்குப் பெறந்தவன்யா!"

"அது சரிதான் சார், எலும்பு இருக்குல்ல..."

அந்த நேரம் பார்த்துச் சின்னச்சாமி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தலையைப் பார்த்ததும் நின்றான். ஷெட்டின் பக்கவாட்டு வெளிச்சம் அவன் மேல் விழுந்தது.

எழில் தலையைப் பார்த்தான். டிரைவரைப் பார்த்தான். மறுபடியும் தலையைப் பார்த்தான்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. சார், சார், இங்க பாருங்க! இதான் சார் மூக்கு!" என்று கத்தினான். கலைஞனுக்கு விஷயம் பிடிபட்டால் ஊரில் யாருக்கு என்ன ஆகும் என்ற யோசனை இருக்காது.

"ஏம்ப்பா, எங்க அப்பாவுக்கு டிரைவர் மூக்கா?" என்றார் கனகசபாபதி. சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுபோனது.

சின்னச்சாமி தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தான். தலையின் இடது புருவத்தையே பார்த்தான்.

"எங்க அய்யாவுக்கும் இதே எடத்துலதான் வெட்டு மொதலாளி" என்றான். "மயிலக்காள முட்டுனது."

ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது.

ஸ்ரீமதி மாமியாரின் கையைப் பிடித்து அழுத்தினாள். இனி பொன்னுத்தங்கம் ஒன்றுமே சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும். நிலம் தானாக அவள் கைக்கு வந்துவிடும்.

பொன்னுத்தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்த வெயிலுக்கு எல்லா மூக்கும் ஒண்ணு போலத்தான் தெரியும். கெளம்புங்க, எனக்குத் தல சுத்துது" என்றாள்.

*

வண்டியில் கதை இல்லை. கனகசபாபதி முன்சீட்டில் உட்கார்ந்து, மேலே இருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் தன் மூக்கைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சின்னச்சாமியின் மூக்கைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது சின்னச்சாமிக்குச் சிரமமாக இருந்தது, கேட்கவில்லை.

"ஏலே, ஒங்க அய்யா பேரு என்ன?"

முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வி இன்றைக்குத்தான் வந்தது.

"அய்யாதுரை, மொதலாளி."

"நம்மகிட்டதான் வேலை பாத்தாரோ?"

"பெரியவருக்கு வண்டி ஓட்டுனாக."

"கொள்ளைக்காரங்க மறிச்சது பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காரா?"

சின்னச்சாமி கியரை மாற்றினான். "இந்த ரோட்டுலயா மொதலாளி? அப்பல்லாம் ரோட்டுல கொள்ளையடிக்க என்ன இருந்துச்சு?"

வீட்டுக்குப் போகும் ரோடு பிரியும் இடத்தில் கனகசபாபதி கையைக் காட்டினார். "திரும்ப விருதுநகர் ரோட்டுக்கே விடு. நெலத்துக்குப் போ."

அறுபது சென்ட் எப்போதும்போல் கிடந்தது. உடைமுள், ஓரத்தில் ஒரு பனை, யாரோ எல்லைக்கு நட்டு மறந்த கல். கனகசபாபதி மஞ்சள் பையோடு இறங்கி நடுவில் போய் நின்றார். பொன்னுத்தங்கம் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். ஸ்ரீமதி வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"பொன்னு."

அவர் அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. வழக்கமாக "இந்தா" தான்.

"எங்க அம்மா ஒங்கிட்ட என்னமும் சொல்லியிருக்காளா?"

வாய்க்குள்தான் இருந்தது. ஒரு 'ஆமா'. பொன்னுத்தங்கம் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்தாள். காலர் வேர்வையில் தொங்கிப்போயிருந்தது. தீப்பெட்டியைப் பார்த்து அழுகையை நிறுத்திய பிள்ளை உள்ளே எங்கேயோ நின்றது.

"அத்தே எம்புட்டோ சொன்னாக. முப்பது வருசம் சொன்னாக. எதன்னு சொல்ல?"

"நான் கேக்குறது ஒனக்குத் தெரியும்."

"நான் கேக்காதது ஒண்ணு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். குரல் உயரவில்லை. உயர்த்துவதற்குத் தெம்பு இல்லை. "எனக்கு இந்த எடத்துல ரெண்டு ரூமு வேணும். ஒரு அடுப்படி. உள்பக்கம் தாப்பா."

"யாருக்கு?"

"எனக்கு."

"நம்ம வீட்டுல பதினோரு ரூமு இருக்கேடி!"

"பதினொண்ணுலயும் ஆள் இருக்கு. எல்லாரும் காபி குடிக்காக."

கனகசபாபதி அவளைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தபோதோ, நாற்பது அடியைப் பார்த்தபோதோ அவர் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. அப்புறம் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார், பேனாவையும் எடுத்தார். நீட்டவில்லை.

"அது எங்க அப்பாதான்னா, நீ நாளைக்கு இதுல கையெழுத்துப் போடணும். மறு பேச்சுப் பேசக் கூடாது."

"இல்லன்னா?"

"இல்லன்னா..." பேனா மூடியை மூடினார், திறந்தார். "அப்பன் மொகமே தெரியாதவன் எதுக்கு நாப்பத்தோரு அடி வைக்கான்? நீ ரெண்டு ரூமு இல்ல, நாலு ரூமு கட்டிக்க."

"யாரு வந்து சொல்லுவா, அது அவுகதானா இல்லையான்னு?"

அவர் வண்டியை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏலே சின்னச்சாமி! ஒங்க ஆத்தா இருக்காகளா?"

"இருக்காக மொதலாளி. ஏழாயிரம்பண்ணையில, தங்கச்சி வீட்டுல."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு அவுகள அந்த ஷெட்டுக்குக் கூட்டிட்டு வா. பத்திர ஆபீசுக்குப் போறதுக்கு முன்னால அந்தத் தலைய அவுக ஒருக்கா பாத்து, யாரு மொகம்னு சொல்லணும்."

சின்னச்சாமி பொன்னுத்தங்கத்தைப் பார்த்தான். முப்பது வருஷமாக அவளை ஏற்றி இறக்கியவன். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் தெரியுமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. தெரிந்திருந்தால், எத்தனை வருஷமாக?

"கூட்டியாறேன்" என்றான்.

"அவன் ஆத்தா மாரித்தாய் அக்காவுக்கு எண்பது வயசு இருக்குமே" என்றாள் பொன்னுத்தங்கம் அவசரமாக. ரெண்டு ரூம் பக்கம் பேசுகிறாளா, அந்த மனுஷன் பக்கம் பேசுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "கண்ணுகிண்ணு மங்கியிருக்கும். பாவம், அவுகள எதுக்கு அலைக்கழிக்கணும்?"

சின்னச்சாமி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"எங்க ஆத்தாவுக்கா? வீட்டுல இன்னைக்கும் ஊசிக்கு நூலு அவுகதாம்மா கோத்துக் குடுக்காக."